ஆறு நட்சத்திரங்களும் ஒரு நாற்காலியும்

வாழ்க எங்கள் எடிட்டர்! குளிரூட்டிய சிற்றறையின் கோமான், இரட்டைத் திரைகளின் இமையாக் காவலர், ஆறிப்போன காபியையும் அமுதெனப் பருகும் அருந்தவச் செல்வர், அவர் வெட்டிய வெட்டும் ஒட்டிய ஒட்டும் வாழ்க!

கேளுங்கள் அவர் கண்ட போரை. பெருநட்சத்திரங்கள் அறுவர் ஒரே படத்தில் கூடினர். ஒருவர் வந்தாலே கூட்டம் அம்மும், அறுவர் வந்தால் சிரிப்புக்கா பஞ்சம் என்று மார்தட்டிய தயாரிப்பாளர், ஒப்பந்தத்திலேயே ஒரு வரத்தை வாரி வழங்கிவிட்டார்: ஒருவர் முகம் திரையில் தோன்றினால் மற்ற ஐவர் முகமும் உடனே தோன்றும். ஐயகோ! வழுக்கி விழ ஒருவரும் இசையவில்லை, அசடு வழிய ஒருவரும் இசையவில்லை. நறுக்கென்று பதில் சொல்ல மட்டும் அறுவரும் முந்தினர்.

அப்பாழ்நிலத்தில் பூத்த ஒற்றை மலர், பெயரில்லாத் துணைநடிகர் ஒருவரின் ஆறு வினாடி. வண்ணம் காயாத நாற்காலியில் அமர்வார், எழுவார், நாற்காலியும் கூடவே எழும், ஒன்றுமே நடவாதவர்போல் கம்பீரமாக நடப்பார். அவ்வளவுதான்.

இனி, எடிட்டரின் அறையையும் படம் போட்டுப் பார்க்கும் கூடத்தையும் பெருக்கும் அக்காவைச் சொல்லவேண்டும். எடிட்டர் கைபட்ட பதினொரு நகைச்சுவைப் படங்கள் ஓடியபோதும் நில்லாத துடைப்பத்துக்கு உரியவர் அவர். பதினொன்றும் தியேட்டரில் மூன்றே நாளில் மூட்டை கட்டின. ஆகவே எழுந்து நின்று எடிட்டர் சூளுரைத்தார்:

"இந்தத் தடவையும் அக்கா சிரிக்கலேன்னா, இனி காமெடிப் படத்தையே தொடமாட்டேன். இது சத்தியம்!"

மூண்டது போர். துணைநடிகர் அமர்வதற்கும் எழுவதற்கும் இடையே, அதைப் பார்க்கும் ஒரு நட்சத்திரத்தின் முகம் வர, ஒப்பந்தப்படி அறுமுகங்களும் அணிவகுத்துப் புகுந்து, புருவம் தூக்கி, உதடு பிதுக்கி, ஆளுக்கொரு வசனம் எய்து அகன்றன. போட்டுக் காட்டினார். அக்கா பெருக்கிக்கொண்டே கேட்டார்:

"ஏன் சார், அந்த ஆளு உக்காந்தாரே, எந்திரிச்சாரா இல்லையா?"

நெஞ்சில் வேல் பாய்ந்தும் சாயவில்லை எம் தலைவர். ஒன்பது நாள் உருட்டியும் புரட்டியும் பொருதார். முடிவில் அறுமுகங்களையும் அள்ளி, நாற்காலி எழுந்ததற்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார். ஒப்பந்தமும் பிழைத்தது, வேடிக்கையும் பிழைத்தது.

வந்தது, முழுப் படத்தையும் முதலில் போட்டுப் பார்க்கும் முன்னோட்ட நாள். தயாரிப்பாளர் முன்வரிசையில், அறுவரின் மேனேஜர்கள் அவர் பின்னால், கடைசி வரிசையில் துடைப்பத்தோடு அக்கா. அமர்ந்தார் துணைநடிகர். எழுந்தார். எழுந்தது நாற்காலியும்!

"ஐயோ, நாற்காலியோட போறானே பாவி!" என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அச்சிரிப்பு வரிசை வரிசையாகத் தாவி மேனேஜர்களைக் கவிழ்த்து, தயாரிப்பாளரின் கண்ணாடியையும் நழுவவைத்தது. எடிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அடடா, இருபது வருட உழைப்புக்கு இது போதாதா!

விளக்கு எரிந்தது. அதுவரை எதிலும் ஒத்துப்போகாத மேனேஜர்கள் அறுவரும் ஒருங்கே எழுந்து ஒரே குரலில் முழங்கினர்:

"சிரிப்புச் சத்தத்துல எங்க ஆளு பேசின வசனமே கேக்கலை!"

நழுவிய கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நீதி தவறாத் தயாரிப்பாளர் தீர்ப்புரைத்தார்:

"நியாயந்தானே. அந்த நாற்காலியைத் தூக்கிடுங்க."

எடிட்டர் அந்த ஆறு வினாடியை வெட்டி, தன் போனில் போட்டு, அக்காவுக்கும் ஒன்று அனுப்பிவிட்டு, சாப்பிடப் போனார்.