ஆடாத மேசை

"புத்தகம் என்ன, றெக்கை முளைச்சுப் பறந்தா போச்சு?"

நூலகர் அம்மா போட்ட சத்தத்தில், ஏணி மேல் நின்று தூசி தட்டிக்கொண்டிருந்த ஒட்டடை இரண்டு படி வழுக்கி இறங்கினான். ஆள் பனை உயரம், கையில் எந்நேரமும் ஒட்டடைக்கம்பு. அதனால் வந்த பெயர். மறைந்த மேதை ஒருவரின் நினைவகத்தில் தினக்கூலி வேலை. சீக்கிரம் நிரந்தரமாகிவிடும் என்று நம்பி, அவன் மனைவி புதுக் கட்டிலுக்கு விலைகூட விசாரித்து வைத்திருந்தாள்.

காணாமல் போனது லேசுப்பட்ட புத்தகமில்லை. ஆடாத மேசையைக் கண்டுபிடித்து உலகப்புகழ் பெற்ற அந்த மேதை, ஓரமெல்லாம் தம் கையால் குறிப்பெழுதி வைத்த தடிப் புத்தகம். இன்னொரு பிரதி எங்கும் கிடையாது. அவருடைய மகள்தான் மேசையையும் அதையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். இன்று அந்த மகளே நேரில் வருகிறார். இரண்டும் பத்திரமாக இருந்தால், அப்பாவின் மிச்சக் காகிதங்கள் உள்ள டிரங்குப் பெட்டியையும் கொடுப்பாராம்.

"பெட்டி வரலேன்னா முதல்ல வீட்டுக்குப் போறது நீதான், பாத்துக்க!"

ஒட்டடை மீதிப் படிகளையும் இறங்கினான். புத்தகம் இருக்குமிடம் அவனுக்குத் தெரியும்.

ஆடாத மேசை, வந்த நாளிலிருந்து நொண்டிக் கழுதை மாதிரி ஆடியது. பார்க்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மானம் போகிறதே என்று, கைக்கு அகப்பட்ட தடியான எதையோ எடுத்துப் பின்னங்காலுக்குக் கீழே சொருகிவிட்டான். மரமும் அட்டையும் ஒரே பழுப்பு. யார் கண்ணிலும் படவில்லை.

நூலகர் அம்மா அந்தப் பக்கம் நகர்ந்ததும் குனிந்து உருவினால், அட்டையில் வட்டமாக ஒரு பள்ளம்! வாட்ச்மேன் அறைக்கு ஓடினான்.

"அண்ணே, உங்க இஸ்திரிப் பெட்டி வேணும்."

"சட்டைக்கா?"

"புத்தகத்துக்கு."

"கிறுக்கு முத்திடுச்சாடா?"

ஈரத்துணி போட்டுத் தேய்த்தான். பள்ளம் அசையவில்லை. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்துவிட்டது.

"பாவம், பள்ளம் தனியா இருந்துச்சு. ஜோடி சேத்துட்டே" என்றார் வாட்ச்மேன்.

"மறைக்க ஏதாவது இருந்தா குடுங்கண்ணே!"

"ஷூ பாலீஷ் இருக்கு. கறுப்பு."

"பழுப்பு இல்லையா?"

"என் காலைப் பாத்துட்டுக் கேளு."

தடவத் தடவப் புத்தகம் அணிவகுப்புக்குக் கிளம்பிய பூட்ஸ் மாதிரி பளபளத்தது. நூலகர் அம்மாவிடம் நீட்டினான். "அலமாரிக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சும்மா."

அவர் மோந்து பார்த்தார். "என்னய்யா, செருப்புக்கடை வாசனை அடிக்குது?"

"பழைய தோலும்மா."

மேற்கொண்டு விசாரிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. புத்தகத்தை அவசரமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

மகள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். யார் வணக்கத்தையும் வாங்கிக்கொள்ளாமல் நேரே மேசையிடம் போய் ஒரு கையை ஊன்றினார். டக்கென்று மேசை ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. நூலகர் அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"புத்தகம் எங்க?"

"இதோ, கண்ணாடிப் பெட்டியில..."

மகள் எட்டிப் பார்த்தார். கறுத்து மின்னியது. பள்ளமும் மூக்கும் பாலீஷில் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன. மகளின் புருவம் ஏறியது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஒட்டடை தரையோடு தரையாகக் குனிந்தான். "நான்தாம்மா! மேசை ஆடுதேன்னு காலுக்குக் கீழ வெச்சுட்டேன். புள்ளகுட்டிக்காரன், மன்னிச்சுடுங்கம்மா."

"அடப்பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார் நூலகர் அம்மா. "அவ்வளவு பெரிய மனுஷன் புத்தகத்தையா முட்டுக் குடுத்தே?"

மகள் கைத்தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்.

"அவனை ஏம்மா திட்டறீங்க, அங்கேருந்து அதை உருவினவனைத் திட்டுங்க, அந்தப் புத்தகம் இல்லாம எங்கப்பா மேசை என்னிக்கு ஆடாம நின்னுச்சு?"