பரம்பரை அண்ணையும் பதினொரு தாமஸ்களும்

உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்துப்போனவர்களோடு அதிகம் பழகிய மனிதர் என்று ஆஸ்திரேலியாக் கண்டம் முழுக்கத் தேடினாலும், பரம்பரை அண்ணையைத் தவிர இன்னொருவர் கிடைக்கமாட்டார். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பக்கம் கோதுமை விதைத்த வெள்ளைக்காரரின் மாமியாருக்கு எந்தக் காலில் வாதம் என்று தெரியும்.

எழுபதுகளின் நடுவில் சென்னையிலிருந்து சிட்னிக்குப் போனேன். பம்பு தயாரிக்கும் கம்பெனியில் வரைபடம் போடும் வேலை. ஹோம்புஷ் ஸ்டேஷனுக்கு அருகே பெரில் என்ற வயதான விதவையின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அடுத்த அறையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், ரயில்வேயில் குமாஸ்தா. அவர்தான் பரம்பரை அண்ணை. மறுநாள் காலை சமையலறையில் சந்தித்தோம். அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"தம்பி, தோமஸைப் பற்றி ஆரும் ஏதும் சொன்னவையோ? மூண்டு மாசமாத் தேடுறன். ஆளைக் காணேல்லை."

யாரோ வாடகைக்கு இருந்தவர் காணாமல் போய்விட்டார் என்று நினைத்தேன். ஊருக்குப் புதியவன், உதவி செய்து நல்ல பெயர் வாங்கலாமே என்று ஸ்டேஷனில் கேட்டேன், ரொட்டிக்கடையில் கேட்டேன். நாலாம் நாள் நல்ல சேதியோடு வந்தேன்.

"அண்ணே, பழக்கடையில ஒரு தாமஸ் வேலை பாக்குறாராம்!"

"அவன் என்னண்டு வேலை பாப்பான்? அவன் செத்து நூறு வருசத்துக்கு மேலை!"

"அப்புறம் எதுக்குத் தேடுறீங்க?"

"அந்தாளின்ர கல்லறையை எல்லோ தேடுறன்!"

யாழ்ப்பாணத்தில் அவர் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் எழுத்தராக இருந்தவர். 'உறுதி' என்று அவர்கள் சொல்லும் நிலப் பத்திரங்களைப் புரட்டி, ஒரு பனங்காணிக்கு இருபத்தேழு பங்குகாரர்கள் எப்படி வந்தார்கள் என்று கண்டுபிடிப்பதே அவர் தொழில். அப்படிப்பட்டவரிடம் பெரில் அம்மையார் ஒரு நாள் தேநீர் ஊற்றிக்கொண்டே, "என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா தாமஸ் பார்கின், இங்கிலாந்திலிருந்து சுயமாக வந்து குடியேறிய கனவான். ஆற்றங்கரையில் முதல் பண்ணை அவருடையது" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். "எந்தத் தாமஸ்?" என்று இவர் கேட்டிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் தாமஸ்தான் என்று அம்மையார் சிரித்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்தது பித்து.

சிக்கல் என்னவென்றால் பார்கின் குடும்பத்தாருக்குப் பெயருக்குப் பஞ்சம். தாமஸுக்கு இங்கே பிறந்த பிள்ளைகள் பதினாலு. முதல் மகன் தாமஸ் குழந்தையிலேயே இறந்ததும் அடுத்தவனுக்கு அதே பெயர். அவனும் போக, மூன்றாமவனுக்கும் அதுவே. தம்பி வில்லியம் தன் மூத்த மகனுக்கும் அண்ணன் பெயரை வைத்தார். நான்கு தலைமுறையில் மொத்தம் பதினொரு தாமஸ்கள், ஒன்பது மேரிகள். சுவரில் ஒட்டும் காகிதச் சுருளின் பின்பக்கத்தில் பரம்பரை அண்ணை வம்சத்தைப் போட்டு, நடைபாதை நெடுக விரித்துவைத்திருந்தார். நாலு தலைமுறையைத் தாண்டாமல் குளியலறைக்குப் போக முடியாது. ஒரு நாள் ஈரக்காலோடு மிதித்துவிட்டேன்.

"ஐயோ, எலிசபெத்தைச் சாகடிச்சுப்போட்டீரே!" என்று அலறினார்.

சனிக்கிழமைதோறும் பரமட்டா பக்கம் உள்ள பழைய கல்லறைகளுக்கு என்னையும் இழுத்துப்போவார். பாசி படிந்த கற்களில் நான் தண்ணீர் ஊற்றித் தேய்க்க, அவர் தரையோடு படுத்து எழுத்தைப் படிப்பார். எங்களைக் கல்லறைத் துப்புரவுக்காரர்கள் என்று நினைத்து ஒரு கிழவி தன் புருஷன் கல்லையும் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தோம். அதிலும் அண்ணை நாலு வரி குறித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிடாமல் நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு அண்ணே?"

"மூண்டாவது தோமஸ், வில்லியத்தின்ர மகள் மேரியைக் கட்டியிருக்கிறான். சித்தப்பாவின்ர மகள்! தங்கச்சியை எல்லோ கட்டியிருக்கிறான்!"

இங்கிலீஷ்காரர்களுக்கு எல்லோரும் கஸின்தான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து போய் பெரில் அம்மையாரிடம், "உங்கள் கொள்ளுத்தாத்தா தன் சகோதரியைக் கல்யாணம் செய்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டார். அம்மையாரின் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. நான் ஓடிப்போய், "சகோதரிதான், ஆனால் சகோதரி இல்லை. எங்கள் கணக்குப்படி சகோதரி. உங்கள் கணக்குப்படி மனைவி" என்று என் இங்கிலீஷில் விளக்கினேன். அதன்பிறகு இரண்டு நாள் அவர் எங்கள் இருவரோடும் பேசவில்லை.

அப்படியும் கோபம் தணிந்து, பார்கின் குடும்பத்தின் ஒன்றுகூடலுக்கு அண்ணையையே அழைத்தார் அம்மையார். மெல்பர்னிலிருந்து வில்லியத்தின் மகன் தாமஸ் வழிக் கிளை வருகிறதாம். 'எங்கள் தாமஸ்தான் மூத்தவர்' என்று இரண்டு கிளைக்கும் பல வருஷச் சண்டையாம். வரைபடத்தோடு வந்து தீர்த்துவைக்கவேண்டும்.

அதற்கு ஒரு வாரம் இருக்கையில், நகரத்து நூலகத்திலிருந்து அண்ணை வெளிறிப்போய்த் திரும்பினார்.

"தம்பி, சுயமா வந்தது தம்பிக்காரன் வில்லியம். தோமஸ் வந்தது விலங்கோடை. செப்புக் கிடாரம், பெரிய அண்டா ஒண்டு களவெடுத்த குற்றம்."

"கைதியா? அம்மாகிட்ட சொல்லாதீங்க அண்ணே. வீட்டை விட்டே அனுப்பிடுவாங்க!"

"அந்த மனிசி தாங்காதுதான். ஆனா பொய் உறுதி என்ரை கையாலை எழுதேலாது."

மாதாகோயில் மண்டபத்தில் எழுபது பேர். அண்ணை கோட்டு மாட்டிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார். வரைபடத்தின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். கைதி, கிடாரம் என்று ஆரம்பித்ததுமே சலசலப்பு. மெல்பர்ன் கிளையின் தலைவர் சிவந்த முகத்தோடு எழுந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். மூத்தவர் எங்கள் தாமஸா, அவர்கள் தாமஸா?"

"இரண்டு பேரும் இல்லை. மூத்தவன், கைதித் தாமஸ் இங்கிலாந்தில் விட்டுவந்த மகன்" என்றார் அண்ணை. "அவன் பெயரும் தாமஸ்."

மண்டபமே குழம்பியது. பாதிப் பேர் கோபமாக வெளியேறினார்கள். வரைபடத்தை ஒரு பெண்மணி மேஜைவிரிப்பு என்று நினைத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். அந்த அமளியில் அண்ணை சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தாமஸ் பார்கின் தண்டனைக் காலத்தில் கவர்னருக்கு எழுதிய விண்ணப்பத்தின் நகல். 'என் மனைவி சாராவையும் மூன்று பிள்ளைகளையும் கப்பலில் அனுப்பிவைக்கக் கருணை காட்டவேண்டும்.' நாலு முறை எழுதியிருக்கிறார். பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் இரண்டாம் கல்யாணம். சாராவின் பெயரைப் படிக்கும்போது அண்ணைக்குக் குரல் உடைந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ ஒரு சாராவுக்கு இவர் ஏன் அழவேண்டும்?

பெரில் அம்மையார் மெல்ல எழுந்து அருகில் வந்தார்.

"உங்களுக்கு மனைவி இருக்கிறாரா?"

"இருக்கிறார். யாழ்ப்பாணத்தில். இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டு வருஷமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன்."

ஒரே வீட்டில் எட்டு மாதம் இருந்தேன். பதினொரு தாமஸ்களைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். இதை மட்டும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை பெரில் அம்மையார் தன் நல்ல தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, அவரை இழுக்காத குறையாகக் குடிவரவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். கவுண்டரில் இருந்தவரிடம், "நான் கைதியின் வம்சம். பதில் கிடைக்காமல் நகரமாட்டேன்" என்று சொன்னாராம். அதற்குப் பிறகு ஐந்து வாரம், வாரத்துக்கு ஒரு தடவை, அதே தொப்பி. ஆறாவது வாரம் அனுமதிக் கடிதம் வந்தது.

மெல்பர்னில் அண்ணையின் மைத்துனர் இருந்ததால் குடும்பம் அங்கே இறங்குவதாக ஏற்பாடாயிற்று. ரயிலேற்றிவிட நானும் அம்மையாரும் போயிருந்தோம். அம்மையார் அழுதார். அண்ணை ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "வடிவாச் சாப்பிடும் தம்பி. போட்டு வாறன்" என்றார்.

வந்த சனிக்கிழமை, விடிந்ததும் பழக்கத்தில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தேன். எங்கே போவதென்று தெரியாமல் மத்தியானம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.