என் கல்யாணத்துக்கு நானே சொன்ன தடை

எங்கள் கத்தோலிக்கக் கல்யாணங்களில் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று. அதற்கு யாரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்தில் ஒருத்தன் திறந்தான். மாப்பிள்ளை. அதாவது, நான்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குக் கல்பாக்கத்தில் வேலை. கடப்பாக்கத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் மைக்கேலின் மகள் ஸ்டெல்லாவைப் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. மாமனார் ஒரு கேள்வி கேட்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

"நாங்க அஞ்சு தலமொறையா வேதக்காரங்க தம்பி. ஒங்க வூட்ல எப்டி?"

(வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர். சும்மா பேச்சுக்குக் கேட்டார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.)

இரண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் படாளம் பக்கம். அந்தக் கால ஞானஸ்நானப் பதிவேடுகள் செங்கல்பட்டில் ஒரு பழைய மாதா கோயில் பீரோவில் இருந்தன. முதல் சனிக்கிழமை போனேன். ஃபாதர் அடக்கப் பூசைக்குப் போயிருந்தார். அடுத்த சனிக்கிழமை ஃபாதர் இருந்தார், பீரோ சாவி கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் இருந்தது, கோயில்பிள்ளை வேளாங்கண்ணியில் இருந்தார். மூன்றாவது சனிக்கிழமை ஃபாதர், சாவி, கோயில்பிள்ளை எல்லாரும் ஒரே அறையில் இருந்தும் பீரோ திறக்கவில்லை.

"ஆட்டினா தொறந்துக்கும் சார்" என்றார் கோயில்பிள்ளை. அவர் ஆட்டினார். நான் ஆட்டினேன். ஃபாதரும் ஒரு கை போட்டார். திறந்தபோது எனக்குத் தோள்பட்டை கழன்றிருந்தது.

பதிவேடு முழுக்க லத்தீன்.

"லத்தீன் தெரியுமா?" என்று கேட்டார் ஃபாதர். "ஒரு மணி நேரம் இருங்க. வீடு மந்திரிப்பு ஒண்ணு இருக்கு, முடிச்சுட்டு வந்து நானே படிச்சுச் சொல்றேன்."

மூன்று சனிக்கிழமை காத்திருந்தவனுக்கு அந்த ஒரு மணி நேரம் பொறுக்கவில்லை. "கொஞ்சம் வரும் ஃபாதர்" என்றேன். (ஆமென் மட்டும் வரும்.)

என் அப்பாவின் தாத்தா பெயரைக் கண்டுபிடித்துவிட்டேன். அதே வரிசையில் நாலைந்து பெயர்கள், எல்லாம் கிறுக்கல். ஒன்று மட்டும் அச்சடித்த மாதிரி தெளிவாக இருந்தது: சவரிமுத்து. இவர்தான் அப்பா என்று தீர்ப்பெழுதினேன். கையோடு மாமனாரின் தாத்தாவையும் தேடினேன். அவர் வரிசையிலும் சவரிமுத்து! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சார்ட் பேப்பர் வாங்கி, நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவில் இரு குடும்ப வம்சாவளியையும் வரைந்தேன்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு மதியம், கடப்பாக்கத்தில் பிரியாணி விருந்து. உறவுக்காரர்கள் முன்னால் சார்ட்டை விரித்தேன்.

"பாருங்க மாமா! நீங்களும் அஞ்சு தலைமுறை, நாங்களும் அஞ்சு தலைமுறை. ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே சவரிமுத்து!"

மாமனாரின் கிரீஸ் படிந்த விரல் மேலிருந்து என் பெயருக்கு இறங்கியது. மறுபடி மேலே போய் ஸ்டெல்லாவின் பெயருக்கு இறங்கியது.

"அப்ப எங்க தாத்தாவும் ஒங்கப்பாவோட தாத்தாவும் அண்ணன் தம்பி" என்றார் மெதுவாக. "நானும் ஒங்கப்பாவும் பங்காளி. ஸ்டெல்லா ஒனக்குத் தங்கச்சி மொற ஆவுதே தம்பி!"

என் இலைக்கு வந்துகொண்டிருந்த கறித்துண்டு பாதி வழியில் அண்டாவுக்கே திரும்பியது. "அந்தக் கருமத்தைச் சுருட்டுடா" என்றார் என் அப்பா. சுருட்டி என்ன பயன்? ஊரே பார்த்துவிட்டது.

"ரெண்டாவது ஓல வாணாம்னு சாமிகிட்ட சொல்லிட்றேன்" என்று மாமனார் எழுந்துவிட்டார். ஸ்டெல்லா கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அறையத்தான் நினைத்தாளாம், பின்னால் சொன்னாள். இந்த அறிவுகெட்ட வேலையைச் செய்யச் சொல்லி என்னிடம் யார் அழுதார்கள்?

மறுநாள் முதல் பஸ்ஸில் ஸ்டெல்லா தன் அப்பாவை இழுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குக் கிளம்பினாள். நான் பின் சீட்டில். மறுபடி பீரோ ஆட்டல். ஃபாதர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

"இவர் அப்பா இல்லைங்க, ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்துல பக்கத்துல நிக்கிறவர். சவரிமுத்து அந்தக் காலத்துல வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார். புதுசா வேதத்துக்கு வந்தவங்களுக்கு ஞானத்தகப்பனா நிக்க ஆள் கிடைக்காது. இவரே எல்லாருக்கும் நின்னிருக்கார். உங்க ரெண்டு பேர் குடும்பமும் வேற வேற. ஒரு தாத்தாவுக்கு அப்பா கன்னியப்பன், இன்னொரு தாத்தாவுக்கு முனியன்."

எனக்கு உயிர் வந்தது. ஸ்டெல்லா அந்தப் பக்கத்தில் விரலை வைத்து எண்ணினாள்.

"ஒங்க கணக்குப்படி இந்த மன்சனுக்கு ஒரே மாசத்துல ஏழு புள்ள. ஏழு வூட்ல!"

கோயில்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக் குலுங்கினார். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. முனியன் அவருடைய கொள்ளுத்தாத்தா, வேதத்தில் சேராதவர். அவரது ஐந்து தலைமுறைக் கணக்கில் அந்தக் காலையில் ஒன்று குறைந்திருந்தது.

இரண்டாவது ஓலை வாசித்தார்கள். மூன்றாவது வாசிக்கும்போது, தடை என்ற வார்த்தை வந்ததும் பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கல்யாணம் நல்லபடி நடந்தது. மாமனார் அதன்பிறகு தலைமுறை பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

இரண்டு வருடம் கழித்து எங்கள் மகனுக்கு ஞானஸ்நானம். கோயில் ஆபீசில் பதிவேட்டைத் திறந்துவைத்து, "கொழந்தையோட அப்பா பேரு?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணாத்த, நீங்க கம்முனு இருங்க" என்றாள் ஸ்டெல்லா. "நா சொல்றேன்."