நிருஜாவின் அறியாமைச் சான்றிதழ்

ஒஸ்லோவில் தாதியர் படிப்பு இரண்டாம் வருடத்தில் இருந்த நிருஜா, 2006 மாசியில் ஒரு பாரதூரமான குற்றம் செய்தாள். எச்.ஐ.வி.யும் பாலியல் தொற்றுகளும் பற்றிய மாணவர் விழிப்புணர்வுக் கணக்கெடுப்பில் நாற்பது கேள்விக்கும் சரியாக விடை எழுதிவிட்டாள்.

பெயர் எழுதாத கணக்கெடுப்புத்தான். ஆனால் அவள் வகுப்பில் ‘சிறுபான்மை’ என்ற கட்டத்தில் விழுந்தது ஒரேயொரு புள்ளடி. திட்ட அலுவலர் இங்கெர் அவளைக் கூப்பிட்டுக் குடிக்கக் கோப்பி கொடுத்தார்.

“நீ எந்த ஊர்?”

“ரொம்மன். இங்கே ஒஸ்லோவில்தான்.”

“இல்லை, உண்மையாக?”

“உண்மையாகவே ரொம்மன்தான்.”

இங்கெர் பெருமூச்சு விட்டார். “சிறுபான்மை மாணவருக்கு அறிவு குறைவு என்று மேலிடம் தீர்மானித்துத்தான் மூன்று வருடத் திட்டம் தந்தது. நீ இப்படி எழுதினால் திட்டமும் இல்லை, நானும் இல்லை. உன் கலாசாரத்துக்குப் பொருத்தமாக இன்னொருமுறை எழுதிப் பாரேன்.”

வீட்டிலும் நிலைமை சரியில்லை. நாற்பதுக்கு நாற்பது என்று கேட்ட நாளிலிருந்து அம்மா சிறிதேவி முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. “குமர்ப்பிள்ளைக்கு இதெல்லாம் என்னெண்டு தெரியும்? சனம் என்ன நினைக்கும்?”

நிருஜா திரும்ப எழுதினாள். நாற்பதும் பிழை.

‘மேற்படி மாணவிக்கு இவ்விடயத்தில் யாதொரு அறிவும் இல்லை’ என்று முத்திரை குத்திய கடிதம் வந்தது. சிறிதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. “என்ரை பிள்ளைக்கு ஒண்டுமே தெரியாது!” சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டினாள்.

அங்கே நின்ற குகநேசன் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார். “அக்கா, பல்வைத்தியம் படிக்கிற என்ரை மகளுக்கும் இப்பிடி ஒண்டு எடுக்கலாமோ?”

பங்குனி முடிவதற்குள் மருந்தியல், பல்வைத்தியம் படிக்கும் பதினொரு தமிழ்ப் பிள்ளைகள் அதே கணக்கெடுப்பில் சிறப்பாகத் தவறினார்கள். மேலிடம் பாராட்டியது. பன்னிரண்டு பேருக்கும் விழிப்புணர்வு வகுப்புத் தொடங்கியது. துணைக்கு வந்த பெற்றோர் பின்வரிசையில் இருந்தார்கள்.

இங்கெர் முதல் கேள்வியைக் கேட்டார். “எச்.ஐ.வி. உள்ளவர் குடித்த கோப்பையில் குடித்தால் தொற்றுமா?”

தொற்றாது என்று பன்னிரண்டு பேருக்கும் தெரியும். நிருஜாவின் கை பாதிவரை உயர்ந்தது. பின்னால் அம்மா செருமினாள். கை இறங்கியது.

“தெரியாது,” என்றார்கள் பன்னிரண்டு பேரும்.

இங்கெர் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார். குகநேசன் மட்டும் கையிலிருந்த கோப்பையை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு முன்னுக்கு எட்டி நிருஜாவைக் கேட்டார். “பிள்ளை, உண்மையிலை தொத்துமோ?”

ஒன்றும் தெரியாத நிருஜா அந்தக் கேள்வியை இங்கெருக்கு மொழிபெயர்த்தாள்.

இங்கெர் திட்டக் கோப்பின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். “இது தேவைகளைக் கண்டறியும் வருடம். விடைகள் மூன்றாம் வருடத்தில்தான்.”