கோச் தனியாக வருவதில்லை

நாகரிகம் என்று ஒன்று உலகில் மிச்சம் இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்கள் எங்கள் கால்பந்துச் சங்கத்தின் அலுவலகத்துக்கு ஒருமுறை வந்து போகலாம். புது வேலைக்குப் போகும் பயிற்சியாளர் தன் பழைய சகாக்களை எப்படிக் கூடவே அழைத்துவர வேண்டும் என்ற உயர்ந்த கலை முழு வளர்ச்சி அடைந்த இடம் இதுதான். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். சங்கத்தின் செயலாளர். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டவனும் நான்தான், இருந்தவர்களை நாற்காலியிலிருந்து எழுப்பியவனும் நான்தான். ஆகவே என் சாட்சிக்கு ஒரு மதிப்பு உண்டு.

எங்கள் சிவப்புச் சட்டை அணி விளையாடப் போன இடத்திலெல்லாம் தோற்றுக்கொண்டிருந்தது. குளியலறை ஓடு விற்கும் கடை வைத்திருக்கும் எங்கள் தலைவர் ஒருநாள் மேசையைத் தட்டி, "பெரிய ஆளா ஒருத்தரைக் கொண்டு வாங்கய்யா" என்றார். பெரிய ஆள் பக்கத்து ஊரில் இருந்தார். பச்சைச் சட்டை அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். கூப்பிட்டோம், வந்தார்.

அவர் அங்கிருந்து கிளம்பிய அழகைச் சொல்ல வேண்டும். பிரிவுபசாரக் கூட்டத்தில் மேடையிலேயே அழுதாராம். "நான் தனியாத்தான் போறேன். இங்க இருக்கிற ஒருத்தரைக்கூடத் தொடமாட்டேன். இது சத்தியம்" என்றாராம். சத்தியம் செய்யாமல் ஆட்களைக் கிளப்பிக்கொண்டு போகிறவன் காட்டான். இவர் சத்தியம் செய்தார், காப்பாற்றவும் செய்தார். ஒருத்தரையும் தொடவில்லை, போன்தான் செய்தார். அந்த வாரமே பச்சைச் சட்டைச் சங்கத்தில் நான்கு பேர் 'குடும்பக் காரணங்களுக்காக' விலகினார்கள். நால்வருக்கும் ஒரே குடும்பக் காரணம், ஒரே வாசகம், ஒரே எழுத்துப்பிழை.

எங்களிடம் அவர் தனியாகத்தான் வந்து சேர்ந்தார். "வந்ததும் வராததுமா யாரையும் மாத்த மாட்டேன். முதல்ல இருக்கறவங்களை மதிப்பீடு பண்ணணும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு பேசுவது அவர் பாணி. சிந்தனை வெளியே சிந்திவிடக் கூடாதல்லவா? தலைவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

மதிப்பீடு கோல்கீப்பர் பயிற்சியாளரிடமிருந்து தொடங்கியது. அவர் என் தங்கையின் கணவர். என் வீட்டு மாடியில்தான் குடியிருப்பு. மாடிக் கொடியில் துணிகளை ஓரம் தள்ளிவிட்டு எப்போதும் அவருடைய கையுறைகள்தான் காயும். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். காலுக்கு நடுவே பந்தை விட்ட கோல்கீப்பரிடம்கூட, "அடுத்த தடவை கொஞ்சம் பாத்துக்குங்க தம்பி" என்பார். அவருக்கு இந்த வேலையை விட்டால் வேறு வேலை தெரியாது.

"இங்க ரொம்ப நாளா இருக்கீங்களோ?" என்று கேட்டார் கோச்.

"ஆமா சார், ஒம்பது வருஷமாச்சு."

"அப்ப களைச்சுப் போயிருப்பீங்க."

"இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன்."

"களைப்பே தெரியாத அளவுக்குக் களைச்சிருக்கீங்க."

"அளவுக்குக் களைச்சிருக்கீங்க" என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல். பச்சை டிராக்சூட்டில் ஒருவர் நின்றிருந்தார்.

"இவர் யாரு சார்?" என்று கேட்டேன்.

"சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்திருக்காரு. வழியில பாத்தேன்" என்றார் கோச்.

"வழியில பாத்தாரு" என்றார் வந்தவர்.

இவரைத்தான் பின்னாளில் நாங்கள் எதிரொலி என்று அழைத்தோம். பதவி, துணைப் பயிற்சியாளர். கோச் பேசி முடித்ததும் அதன் கடைசிப் பகுதியைத் திருப்பிச் சொல்வது பணி. இளக்காரமாக நினைக்காதீர்கள். ஒரே முட்டாள்தனத்தை இரண்டு பேர் சொன்னால் அதற்குப் பெயர் கொள்கை. அதை மூன்றாவதாக ஒருவர் படம் போட்டுக் காட்டினால் வியூகம். படம் போட லேப்டாப்போடு இன்னொருவர் வந்தார், அவர் பெயரே எங்களுக்கு லேப்டாப் ஆகிவிட்டது. அவரும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர்தான். மனவலிமைப் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். கடைசியில் புதிய கோல்கீப்பர் பயிற்சியாளர். அவர் வாழ்நாளில் கோல்கம்பத்துக்கு முன்னால் நின்றதில்லை. கேட்டதற்கு, "நின்னு பாத்தா ஒரு பக்கம்தான் தெரியும் சார்" என்றார். கோச் கண்ணை மூடியபடி தலையாட்டினார்.

நான்கு நாற்காலிகள் தேவைப்பட்டன, நான்கு பேர் எழுந்தார்கள். 'பணிச்சுமையிலிருந்து நன்றியுடன் விடுவிக்கப்படுகிறார்' என்ற வாசகத்தை நான்தான் அமைத்தேன். 'நன்றியுடன்' என்ற சொல்லைச் சேர்த்ததற்காகத் தலைவர் என் கையைக் குலுக்கினார்.

வீட்டில் அப்படி யாரும் குலுக்கவில்லை. தங்கை மாடியிலிருந்து இறங்கி வந்து கூடத்தின் நடுவில் நின்றாள்.

"அண்ணா, இவரை வீட்டுக்கு அனுப்பற லெட்டரை நீயா எழுதின?"

"எழுதலம்மா. டைப் பண்ணினேன்."

"விடு, மச்சான் என்ன பண்ணுவாரு?" என்றார் மாப்பிள்ளை, அவளுக்குப் பின்னால் படியில் நின்றுகொண்டு. "நன்றியுடன்னு போட்டிருக்காரே, பாக்கலியா?"

மனிதரிடம் கோபம் என்ற சரக்கே கிடையாது. அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

பச்சைச் சட்டைச் சங்கத்தின் நிலைமையையும் பார்க்க வேண்டும். ஒரே வாரத்தில் குடும்பக் காரணங்களால் காலியாகிப்போன சங்கம் அது. கையில் கிடைத்தவர்களை எடுத்தார்கள். அப்போது கையில் கிடைத்தவர் மாப்பிள்ளை. தினமும் விடிகாலை பஸ் பிடித்துப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பினார். கையுறைகள் மறுபடி கொடியில் ஏறின. "இதுவும் போச்சுன்னா இந்த வயசுல இவரை எந்த கிளப்பு எடுக்கும்ணா?" என்று தங்கை ஒருநாள் கேட்டாள். நான் செய்தித்தாளைப் புரட்டினேன்.

அங்கே தலைமைப் பயிற்சியாளராக ஆனவர் எங்கள் கோச் அழைத்துவராமல் விட்டுவந்த ஒரே உதவியாளர். மற்ற நால்வருக்கும் போன் வந்த வாரம் முழுக்க, தனக்கும் வரும் என்று போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாராம். வரவில்லை. மிஞ்சியவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரையே தலைமைப் பதவியில் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். எந்த நேரமும் சார் கூப்பிடலாம் என்ற நம்பிக்கை. இதற்குப் பெயர்தான் விசுவாசம். நாய் வளர்க்கிறவர்களுக்குப் புரியும்.

இனி அந்தப் போட்டி. நாங்கள் பச்சைச் சட்டைக்காரர்களின் மைதானத்துக்கு விளையாடப் போனோம். முதல் பாதியில் ஒரு கோல் வாங்கியிருந்தோம். இடைவேளை விசில் அடித்ததும் வீரர்கள் உள்ளே ஓடினார்கள். நான் தண்ணீர்ப் பாட்டில் பெட்டியோடு எங்கள் உடைமாற்றும் அறைக்குப் போனேன். பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கோச்சைக் காணோம், சகாக்களையும் காணோம்.

"சார் எங்க சார்?" என்றான் கேப்டன்.

தேடிக்கொண்டு வெளியே வந்தேன். அங்கே ஒரே நடைபாதைதான். இடது பக்கக் கதவு உள்ளூர் அணிக்கு, வலது பக்கக் கதவு விருந்தினர் அணிக்கு. இடது பக்கக் கதவுக்குப் பின்னாலிருந்து கோச்சின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

பல வருஷப் பழக்கம், கால் தானாக அந்தக் கதவுக்குப் போயிருக்கிறது. முன்னால் கோச், பின்னால் எதிரொலி, அவருக்குப் பின்னால் லேப்டாப், மற்ற இருவர். அந்த வரிசையில் எங்கள் ஊர் ஆள் ஒருவர் இருந்திருந்தால், "சார், இந்தப் பக்கம்" என்று சொல்லியிருப்பார். அப்படிச் சொல்லக்கூடியவர்களை எல்லாம் நாங்கள் நன்றியுடன் விடுவித்திருந்தோம்.

லேப்டாப், கதவுக்குப் பின்னால் லொடலொடத்துக்கொண்டிருந்த பிளக் பாயின்ட்டில் பழையபடி அட்டையை மடித்துச் செருகி, மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தார். புதிய கோல்கீப்பர் பயிற்சியாளர் பழைய மூலையில் சாய்ந்திருந்தார். கோச் கண்ணை மூடிக்கொண்டு உபதேசித்தார்.

"எல்லாரும் மேல ஏறுங்க. இடது பக்கத்தை மறந்துடுங்க."

"இடது பக்கத்தை மறந்துடுங்க" என்றார் எதிரொலி.

பச்சைச் சட்டைப் பையன்கள் பவ்யமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் வரை கேட்ட குரல்தானே? அவர்களுடைய தலைமைப் பயிற்சியாளர், அதுதான், போனுக்குக் காத்திருந்தவர், சுவரோரம் கை கட்டி நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். போன் செய்யாமல் சார் நேரிலேயே வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மாப்பிள்ளை ஒரு மூலையில் கையுறையும் கையுமாகத் தவித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மச்சான், சொல்லிடவா?" என்று உதட்டசைவில் கேட்டார். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசலாமா என்பது அவர் கவலை. நான் செயலாளர். தொழில்நுட்ப விஷயங்களில் தலையிடுவது என் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே நினைவில்லை.

"சார் வேற இடத்துல பேசிட்டிருக்காரு" என்றேன் பையன்களிடம்.

"அப்ப நாங்களே பேசிக்கட்டுமா சார்?" என்றான் கேப்டன். அதுவரை அவன் குரலை நான் முழுசாகக் கேட்டதே இல்லை.

அவர்களே பேசிக்கொண்டார்கள். இரண்டாம் பாதி தொடங்கும் நேரத்தில் கோச் நடைபாதைக்கு வந்தார். வந்தவர் கண்ணைத் திறந்தார். பச்சைச் சட்டைகள் அவரைத் தாண்டி மைதானத்துக்கு ஓடின.

"நம்ம பசங்க ஏன் பச்சை போட்டிருக்காங்க?" என்றார் என்னிடம்.

"அவங்க நம்ம பசங்க இல்ல சார்."

மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். "தெரியும்" என்றார்.

"தெரியும்" என்றார் எதிரொலி.

பச்சைச் சட்டைகள் சொன்னபடியே செய்தன. எல்லோரும் மேலே ஏறினார்கள், இடது பக்கத்தை மறந்தார்கள். எங்கள் பையன்கள் அவர்கள் மறந்த அந்தப் பக்கமாகவே போய் இரண்டு கோல் போட்டுவிட்டு வந்தார்கள். ஜெயித்துவிட்டோம். எதிரியின் அறைக்குள்ளேயே புகுந்து அணியைக் குழப்பிய 'ராஜதந்திரம்' என்று எங்கள் தலைவர் பேட்டி கொடுத்தார். கோச்சுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. மேலும் சகாக்களை அழைத்துவர அனுமதி வழங்கப்பட்டது. முதல் ஆளாகச் 'சிறப்பு ஆலோசகர்' பதவியில் யார் வந்தார் என்று நினைக்கிறீர்கள்? சுவரோரம் கை கட்டி நின்றவர்தான். போன் வந்தேவிட்டது. தன் அணியைத் தோற்க விட்டவருக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைப்பது உயர்ந்த பண்பாடு உள்ள இடத்தில்தான் நடக்கும்.

பச்சைச் சட்டைச் சங்கமும் சும்மா இருக்கவில்லை, விசாரணை நடத்தியது. எதிரணியை அறைக்குள் விட்டது யார்? தலைமைப் பயிற்சியாளர் அதற்குள் குடும்பக் காரணங்களுக்காக விலகியிருந்தார். சிவப்புச் சட்டைச் சங்கத்திலிருந்து வந்தவர், அதன் செயலாளரோடு உதட்டசைவில் பேசியவர் என்று ஒருவர் மட்டும் மாட்டினார். மாப்பிள்ளையை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய கடிதத்தில் 'நன்றியுடன்' கூட இல்லை.

இந்தத் தடவை தங்கை கூடத்தின் நடுவில் நிற்கவில்லை. என் நாற்காலிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்குப் பாராட்டு விழாதானே? நாங்க ரெண்டு பேரும் வர்றோம். நீ உன் கோச்சுகிட்ட இவருக்கு ஒரு வேலை கேக்கறே. டைப் எல்லாம் பண்ண வேண்டாம். வாயைத் திறந்து கேளு."

விழாவில் அரங்கம் நிறைந்திருந்தது. எதிரொலி பேச்சை நிறுத்தும்போதெல்லாம் கைதட்ட வேண்டும் என்று உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். மேடையில் கோச்சுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவர் மெல்லப் பேசப் பேச, பக்கத்தில் எதிரொலி மைக்கைப் பிடித்து உரக்கச் சொல்வதாக ஏற்பாடு. தலைவர் கேடயத்தைத் தேடிக்கொண்டிருந்த இடைவெளியில், கடைசி வரிசையிலிருந்து தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. குனிந்து கோச்சின் காதில் கேட்டேவிட்டேன்.

"சார், என் மாப்பிள்ளை, அந்த கோல்கீப்பர் கோச். உங்களால ரெண்டு இடத்துலயும் வேலை போச்சு. முன்னாள் சகாவா நினைச்சு, அவரையும் ஒரு இடத்துல சேத்துக்கக் கூடாதா?"

கோச் கண்ணை மூடிக்கொண்டார்.

"முன்னாள் சகான்னா என்கூட வேலை பாத்தவங்க. அவரு என்னால வேலை போனவரு. அது வேற. என்னால வேலை போனவங்களை எல்லாம் கூட்டிட்டு வந்தா இந்த மைதானமே கொள்ளாது."

எதிரொலி கடமை தவறாதவர். மைக் அவர் கையில் இருந்தது.

"என்னால வேலை போனவங்களை எல்லாம் கூட்டிட்டு வந்தா இந்த மைதானமே கொள்ளாது!" என்று அரங்கம் அதிர முழங்கிவிட்டு நிறுத்தினார்.

நிறுத்தினால் தட்ட வேண்டுமே, அரங்கமே தட்டியது. கடைசி வரிசையில் மாப்பிள்ளைகூடப் பழக்கத்தில் கையை உயர்த்தினார். தங்கை அதைப் பிடித்து இறக்கினாள்.

செயலாளர் என்ற முறையில் நிகழ்ச்சிக் குறிப்பு எழுத வேண்டியது என் பொறுப்பு. எழுதினேன்: 'தலைமைப் பயிற்சியாளரின் ஒப்புதல் வாக்குமூலம், பலத்த கரவொலிக்கிடையே ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.'