கரடி போட்ட கோடரி

"இந்தக் கோடரி மட்டும் என் வீட்டை விட்டு வெளியே போச்சுன்னா, என் பேரு லோடவிக் இல்லை!"

உலைக்கு முன்னால் நின்று, சுத்தியலை நெஞ்சோடு அணைத்து லோடவிக் சபதம் செய்தான். கேட்க ஆளில்லை. துருத்திதான் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது. பாவம், இதே சபதத்தை அது ஏற்கெனவே ஏழு தடவை கேட்டிருக்கிறது.

கிராண்ட் ஆற்றங்கரையில், மோஹாக் பழங்குடிக்காரர்களின் ஊரில் புகைக்கோடரி செய்யத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஒரு பக்கம் வெட்டும் அலகு, மறுபக்கம் புகையிலை அடைக்கும் சின்னக் கிண்ணம், கைப்பிடி முழுக்க உள்ளே துளை. சண்டைக்கும் அதுதான், சமாதானத்துக்கும் அதுதான். முன்பெல்லாம் கோட்டை வெள்ளைக்காரர்கள் ஒப்பந்தம் பேச வரும்போது இதைத்தான் ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். ஒப்பந்தங்கள் உடைந்தன. கோடரிகள் உடையவில்லை. கோட்டைக் கொல்லன் பக்கத்தில் நின்று பார்த்தே லோடவிக் இந்த வேலையைப் பிடித்துக்கொண்டான்.

அறுவடை முடிந்தால் ஊர்ச்சபை கூடும். ஆண்கள் குலம் குலமாக உட்கார்ந்து, புகைக்கோடரியை மடியில் கிடத்திக்கொண்டு பேச்சைக் கேட்பார்கள். அவற்றில் ஏழு, லோடவிக்கின் கைவேலை. லோடவிக்கின் மடியிலோ ஒரு மண் சுங்கான். அதுவும் காம்பு பாதி ஒடிந்தது. இழுத்தால் புகை வருவதற்கு முன் மூக்கு சுடும்.

"என்ன மாப்ள, மூக்கு வெந்துச்சா?" என்று எதிர்வரிசையிலிருந்து மனைவியின் அண்ணன் பவுலுஸ் கேட்பார். லோடவிக் செய்த கோடரியை வாயில் வைத்துக்கொண்டே கேட்பார்.

எல்லாவற்றுக்கும் காரணம் மனைவி கேசினா. கெட்டவளா என்றால் இல்லை, தங்கமானவள். தொல்லையே அதுதான். அவளுக்கு யார் செய்த உதவியும் மறக்காது. விடிந்ததும் ஆற்றைப் பார்த்து நின்று கண்ணை மூடிக் கும்பிடுவாள். ஆண்டவருக்கு, மண்ணுக்கு, தண்ணீருக்கு, சோளத்துக்கு, அவரைக்கு, பூசணிக்கு என்று நன்றி வரிசையாகப் போகும். பூசணி வரைக்கும் லோடவிக்குக் கவலை இல்லை. பூசணிக்கு யாரும் கோடரி கொடுக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு மனுஷர்கள் பெயர் வருமே, பெயர் வந்தவர் வீட்டுக்கு அவன் கோடரி ஒன்று போய்விடும்.

"ஆண்டவரே, காணாமப்போன எங்க பசுவைத் தேடிக் கொண்டாந்த யோஸ்ட்டு நல்லா இருக்கணும்."

போயிற்று முதல் கோடரி.

"ஆத்தோட போன எங்க மகளை முடியைப் பிடிச்சு இழுத்த அண்ணன் நல்லா இருக்கணும்."

இரண்டாவதும் போயிற்று.

மூன்றாவது போனது லோடவிக்கின் தப்பால்தான். கோடரிக்கு இரும்பு, பழைய துப்பாக்கிக் குழாய். ஒரு குழாயை உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்க்காமல் உலையில் வைத்துவிட்டான். டமார்! கூரையில் வானம் தெரிந்தது. கூரையை அடைத்துக் கொடுத்த அடுத்த வீட்டுக்காரரை மறுநாள் காலையில் கேசினா மனமுருகி வாழ்த்தினாள்.

அவன் சத்தம் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அந்த ஊரில் வீடு பெண்ணுடையது. வயலும் அவளுடையது. வீட்டுக்குள் வந்த சாமானும் அவளுடையதுதான். ரொம்பக் கோபம் வந்தால் புருஷனின் போர்வையையும் செருப்பையும் வாசலில் எடுத்து வைத்துவிடுவாள். அவன் எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் லோடவிக் தன் சத்தத்தையெல்லாம் துருத்தியோடு நிறுத்திக்கொண்டான்.

இந்தக் கோடைக்காலம் மட்டும் ஒரு ஆச்சரியம். போன குளிர்காலத்தில் கேசினா காய்ச்சலில் கிடந்து, பிழைப்பாளோ மாட்டாளோ என்று ஆகி, கடவுள் புண்ணியத்தில் எழுந்தாள். எழுந்த பிறகு அவள் கும்பிடும்போது பூசணியோடு நிறுத்திக்கொண்டாள். மனுஷர் பெயரே வரவில்லை. நன்றியெல்லாம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று லோடவிக் குதூகலமாக எட்டாவது கோடரியைத் தொடங்கினான்.

குழாயை முகர்ந்து, குச்சி விட்டுக் குடைந்து, மருந்து இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஒரு சாண் வெட்டினான். கட்டைவிரல் நீளத்தைக் குழாயாகவே விட்டான், அது கிண்ணம். மிச்சத்தைக் காய்ச்சி அடித்துத் தட்டையாக்கினான், அது அலகு. விளிம்பைப் பிளந்து, தேய்ந்த அரத்தின் எஃகைச் செருகி ஒன்றாக்கினான். கேசினா சோளக்கஞ்சியோடு பட்டறைக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மாடி! என்ன அழகு! இது யாருக்குங்க?"

"எனக்கு."

"ம்."

அந்த 'ம்' அவனுக்குப் பிடிக்கவில்லை.

"என்ன 'ம்'?"

"ஒண்ணுமில்லைங்க. அலகுல வெள்ளியில ஏதாவது பதிப்பீங்கல்ல? ஆமை போடுங்களேன். எங்க குலம். பவுலுஸ் அண்ணன் ஆமைன்னா உசுரை விடும்."

"உங்க அண்ணனுக்குத்தான் ஒண்ணு போயிருக்கே!"

"அது ஒரு மகளை இழுத்ததுக்கு. நமக்கு ரெண்டு மக இருக்காளுங்களே."

"ரெண்டாவது மகதான் ஆத்துல விழவே இல்லையே!"

"விழுந்தா அண்ணன் இழுக்கும்ல? கஞ்சியைக் குடிங்க, ஆறிடப் போவுது."

அவள் போனதும் லோடவிக்கின் மூளையில் ஒரு பொறி பறந்தது. அவன் கரடிக் குலம். அலகில் கரடியைப் பதித்துவிட்டால்? ஆமைக் குலத்து ஆள் கரடிக் கோடரியை மடியில் வைத்துக்கொண்டு சபையில் உட்கார முடியுமா? ஊரே சிரிக்காதா? ஊரில் கரடிக் குலத்து ஆண்கள் அவனைத் தவிர ஒரே ஒரு கிழவர். அவருக்கும் புகை ஆகாது, அடுத்தவர் இழுத்தாலே இவர் இருமுவார். ஆகக்கூடி கரடி போட்ட கோடரியை வாங்கிக்கொள்ள இந்த ஊரில் அவனைத் தவிர ஆளே இல்லை. துருத்தியைத் தட்டிக்கொடுத்தான். "பாத்தியா, மூளை!" என்றான்.

வெள்ளிக்கு எங்கே போவது? கேசினாவின் பெட்டியைத் திறந்தான். சட்டையில் குத்தும் வட்ட வெள்ளிப் பூக்களில் வளைந்துபோனவை இரண்டு, மேலாகவே கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டான். இரண்டு நாள் உளி பிடித்து, பள்ளம் தோண்டி, வெள்ளியைத் தட்டித் தட்டி இறக்கினான். கரடி எழுந்து நின்றது. கொஞ்சம் பன்றிச் சாயல்தான். ஆனால் நகம் போட்டதும் கரடியாகிவிட்டது.

கைப்பிடிக்கு இளம் ஆஷ் மரக் கொம்பு. அதன் நடுவில் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே விட்டால் அது கருகி வழிவிடும். அவசரப்பட்டால் கம்பி பக்கவாட்டில் போய்க் கொம்பு பாழ். லோடவிக் அவசரப்படவில்லை. பாதி நாள் மூச்சைக்கூட அளந்து விட்டான். மாட்டி, கிண்ணத்தை விரலால் மூடி ஊதிப் பார்த்தான். எங்கும் காற்றுக் கசியவில்லை. விரலை எடுத்து இழுத்தான். குளிர்ந்த காற்று தடையில்லாமல் ஓடி வந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சபைக்கு முதல்நாள் காலை. கேசினா ஆற்றைப் பார்த்து நின்றாள். சோளம், அவரை, பூசணி. லோடவிக் கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிம்மதியாகக் கொட்டாவி விட்டான். கேசினா நிறுத்தவில்லை.

"ஆண்டவரே, பனியில பதினோரு நாள் வண்டியில வந்து, ரெண்டு மாசம் என் தலைமாட்டுல உக்காந்து, என்னைப் பிழைக்க வச்ச என் நாத்தனா லேயாளும், அவங்களைக் கூட்டியாந்த பிள்ளை எஸ்றாவும் நல்லா இருக்கணும்."

கொட்டாவி பாதியில் நின்றது. வாய் மட்டும் மூடவில்லை.

"அதோ வந்துட்டாங்க!" என்றாள் கேசினா, கண்ணைத் திறந்து.

தூரத்துப் பெரிய ஏரியின் கிழக்குக் கோடியிலுள்ள தன் ஊரிலிருந்து லோடவிக்கின் அக்கா லேயாள் வந்துகொண்டிருந்தாள். பின்னால் மூட்டையோடு அவள் மகன் எஸ்றா. இருபத்தைந்து வயது, கதவளவு ஆள்.

"எப்படி... இப்ப எதுக்கு... யாரு சொல்லி அனுப்பினா?" என்று லோடவிக் தடுமாறினான்.

"நான்தான். வசந்தத்துலயே சொல்லி அனுப்பிட்டேன்."

குலம் தாய் வழி. அவன் குலம் என்றால் அவன் கூடப் பிறந்தவளும் அவள் பிள்ளைகளும்தான். ஊரிலுள்ள கரடிகளையெல்லாம் எண்ணிய மனுஷன், வெளியூரில் இருக்கும் சொந்த அக்கா வீட்டுக் கரடியை மறந்துவிட்டான்!

எஸ்றா கோடரியைப் பார்த்துவிட்டான். "மாமா! கரடி! நம்ம கரடி!"

"உனக்குத்தான்யா. உங்க மாமா ராப்பகலா உழைச்சாரு," என்றாள் கேசினா.

லேயாள் தம்பியின் கன்னத்தைத் தடவினாள். "என் பிள்ளைக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கியேடா!" அவள் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்த பிறகு ஒரு ஆண்பிள்ளை என்ன சொல்ல முடியும்?

"ஆமாக்கா," என்றான் லோடவிக்.

உள்ளே போனதும் மனைவியைப் பிடித்துக்கொண்டான். "ஏம்மா, ஆமை போடச் சொன்னியே?"

"கரடி போடுங்கன்னு சொன்னா நீங்க போட்டிருப்பீங்களா?"

"அந்த வெள்ளி..."

"ரெண்டு எடுத்து மேல வச்சேன். ஒண்ணுதான் எடுத்தீங்க. கரடிக்கு வால் சின்னதுன்னு மிச்சம் பிடிச்சுட்டீங்களாக்கும்!"

மறுநாள் மத்தியானம் சபை. மடியில் ஒடிந்த சுங்கானோடு லோடவிக் உட்கார்ந்தான். எதிர்வரிசையில் பவுலுஸ் மூக்கைத் தடவிக் காட்டிச் சிரித்தார். பெரியவர் ஒருவர் எழுந்து, மண்ணுக்கும் தண்ணீருக்கும் நன்றி சொல்லத் தொடங்கினார். அவர் முடித்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஸ்றா புதுக் கோடரியில் புகையிலை அடைத்தான், நெருப்பு வைத்தான், இரண்டு கையாலும் நீட்டினான்.

"முதல் புகை தாய்மாமனுக்கு."

பவுலுஸ் சிரிப்பை நிறுத்தினார்.

லோடவிக் இழுத்தான். மூக்கு சுடவில்லை. புகை ஆற்றுக் காற்றுப் போலக் குளிர்ந்து வந்தது. குளிர்காலத்தில் கேசினாவின் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு, 'இவளை மட்டும் விட்டுவிடு, என்னிடம் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்' என்று தான் அழுதது அவனுக்கு ஞாபகம் வந்தது. ஆண்டவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு கோடரியோடு நிறுத்திக்கொண்டார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "புகை," என்று எஸ்றாவிடம் சொன்னான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேசினாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ செஞ்சதுதாம்மா சரி. நல்லா இரு."

கேசினாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கொஞ்ச தூரம் நடந்தார்கள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, பனியில வந்தப்ப உங்க அக்காவுக்கு வழியில அஞ்சு நாள் இடம் கொடுத்தாரே ஒருத்தர், அவரு ஓநாய்க் குலமாம். உங்களுக்கு ஓநாய் போட வரும்ல?"