மாஸ்டரைக் கூப்பிடுங்க

"மாஸ்டரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்றாள் கமருன்னிஸா.

பக்கீர் முகம்மது முதல் இட்லியைப் பிட்ட கையோடு நிமிர்ந்து பார்த்தார். பதினோரு வருடக் குவைத் பிழைப்பில் இது நான்காவது லீவு. ஆறு நாளில் ஃப்ளைட். போக மனமில்லை, ஊரில் என்ன செய்வதென்று தெரியாததால் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கிளம்புமுன் ஒரு நாள் தஞ்சாவூரில் மூன்று வேளையும் ஹோட்டலில் சாப்பிட வேண்டும் என்று மனைவி கேட்டபோது, அய்யம்பேட்டையிலிருந்து ஆசையாகத்தான் அழைத்து வந்தார்.

"சாம்பார்ல என்ன குறை?"

"நீங்க சாப்பிடுங்க."

மாஸ்டர் வந்தார். கமருன்னிஸா அவரைக் கைகழுவும் பக்கம் அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் தலையைப் பலமாக ஆட்டி மறுத்துவிட்டு உள்ளே போனார். பக்கத்து மேசைக்காரர் தன் சாம்பாரை முகர்ந்து பார்த்தார். பக்கீர் பாதி இட்லியோடு எழுந்துவிட்டார்.

மதியம் ரயிலடிப் பக்கம் ஒரு பிரியாணிக் கடை. அவள் வாய் திறப்பதற்குள், இப்படியொரு பிரியாணியைக் குவைத்தில்கூடச் சாப்பிட்டதில்லை என்று சர்வரிடம் சத்தமாகப் பாராட்டினார். பூரித்துப்போன சர்வர், அதை நேரில் கேட்கட்டுமென்று மாஸ்டரையே கூட்டி வந்துவிட்டார். கமருன்னிஸா அவரோடு அடுப்படிக்குள் போனவள் இருபது நிமிடம் வரவில்லை.

முதலாளி வியர்த்துப்போய் வந்தார். "அம்மா சுகாதாரத் துறைங்களா?"

"இல்லங்க, என் வீட்டுக்காரி. சும்மா பாக்குறாங்க."

அவர் நம்பவில்லை. பில்லுக்குப் பணம் வாங்க மறுத்து, இரண்டு பொட்டலம் பிரியாணியும் கட்டிக்கொடுத்தார். பக்கீருக்கு மானம் போயிற்று.

சாயங்காலம் மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு புரோட்டா கடை. வெறும் டீ மட்டும் சொன்னார். டீயில் என்ன குறை கண்டுவிட முடியும்? ஆனால் கமருன்னிஸா நேராக வாசலில் இருந்த புரோட்டாக் கல்லுக்குப் போனாள். ஒரு புரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, மாஸ்டரிடம் வெகுநேரம் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பக்கீருக்குப் பொறுமை தீர்ந்தது. "இனிமே உன்னோட எந்த ஹோட்டல் படியும் ஏற மாட்டேன். குவைத்துல காஞ்ச ரொட்டியத் தின்னாலும் நிம்மதியாத் திம்பேன்."

அவள் டீயை ஆற்றினாள்.

மாவுக் கையோடு மாஸ்டர் மேசைக்கு வந்தார். பக்கீரின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க அய்யம்பேட்டையில தொறக்குற ஹோட்டலுக்கு ஒண்ணாந்தேதியே வந்துடுறேன். ஆனா கல்லாவுல உக்காரப்போறது இந்த அண்ணன்தான்னா, கொஞ்சம் சிரிச்ச மொகமா இருக்கச் சொல்லுங்க."